மாறன் யாரு, பெரியப்பா?

பள்ளி விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போயிருந்தோம். குவா படகுத்துறையில் இறங்கி வெளியே வரும் வழியில் சுற்றுலாக் கம்பெனிகளின் பலகைகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் வெள்ளைப் பாய் விரித்த படகு, பின்னால் மஞ்சள் வெயில், மேலே பெரிய எழுத்தில் 'சன்செட் கேட்டமரான்'. தம்பி மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். எந்தப் பலகையைப் பார்த்தாலும் வாசித்துவிட்டுத்தான் நகர்வாள். இதையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாறன் யாரு, பெரியப்பா? அவரோட படகா இது?"

அவள் வகுப்பில் ஒரு மாறன் இருக்கிறானாம். "அது ஆள் பேர் இல்லைம்மா, மரம். நம்ம கட்டுமரத்தைத்தான் வெள்ளைக்காரன் அப்படிச் சொல்றான்" என்றேன். பலகையை மறுபடியும் ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல மரமே இல்லையே. கட்டினதும் ஒண்ணும் காணோமே" என்றாள்.

கேட்டது சரியான கேள்வி. அதற்குள் தம்பி டாக்சி பிடித்துவிட்டான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பதில் அப்படியே நின்றுபோனது. ஊருக்குத் திரும்பி இரண்டு வாரமாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு நிபோங் திபாலில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. 24 வருடமாகக் கயிறு நிறுத்துக் கொடுக்கிறேன். கிரியான் ஆற்றில் படகு வைத்திருக்கும் மீனவர்கள் பச்சை நைலான் கயிறு கேட்டு வருவார்கள். தோட்டத்து ஆட்களுக்கு மாடு கட்டவும் கூடாரம் கட்டவும் கயிறு வேண்டும். கட்டு என்ற சொல் காதில் விழாத நாள் எனக்குக் கிடையாது.

எங்கள் ஊர்ப் பேரும் ஒரு மரத்தின் பேர்தான். நிபோங் பனை வகையைச் சேர்ந்தது. கொத்தாக வளரும், தண்டு முழுக்க முள். உப்புத் தண்ணீரில் நட்டாலும் சீக்கிரம் உளுத்துப்போகாது. மீனவர்கள் கடலுக்குள் கேலோங் என்ற மீன்பிடி மேடை கட்டுவதற்கும் கரையோர வீடுகளுக்குக் கால் நிறுத்துவதற்கும் அதைத்தான் வெட்டினார்கள். திபால் என்றால் மலாய் மொழியில் தடிப்பு. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் கரும்பு இருந்தது, அப்புறம் ரப்பர் வந்தது, இப்போது எங்கே திரும்பினாலும் செம்பனை. நான் பிறந்த தோட்டத்தில் என் சின்ன வயதில் ரப்பர்தான். அங்கே வளர்ந்தவர்களுக்கு மரம் என்றால் ரப்பர் மரம், வேறொன்றும் ஞாபகத்துக்கு வராது. 'அம்மா மரம் வெட்டப் போயிருக்கு' என்றால் பால் சீவப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அதனால் கட்டுமரம் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கடல் தோன்றவில்லை. பால் வடியும் கிண்ணத்தை, நாங்கள் மங்கு என்போம், தாங்குவதற்காக ஒவ்வொரு ரப்பர் மரத்தையும் சுற்றி ஒரு கம்பி கட்டியிருக்கும். அப்படிக் கம்பி கட்டிய மரத்தைத்தான் ஆயா, என் பாட்டி, கட்டுமரம் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அதே நான்காம் ஆண்டு படித்தபோது ஆறு பொங்கி, பள்ளத்தில் இருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்குப் போய் அரிசி வாங்கி வர வழியில்லை. அப்பாவும் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மலாய்க்காரரும் சேர்ந்து ஐந்து வாழை மரங்களைச் சாய்த்தார்கள். தண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டு, சீவிய மூங்கிலைக் குறுக்கே குத்தி இறக்கினார்கள். அந்த மலாய்க்காரர் அதை 'ராக்கிட்' என்றார், தெப்பம் என்று அர்த்தம். கயிறு போதவில்லை. அப்பா பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக அறுத்து, அந்த வாரால் இரண்டு முனையையும் சுற்றிக் கட்டினார். தோட்டத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் டியூப் வாரால்தான் கட்டுவோம், பால் வாளியை சைக்கிளில் கட்டுவது முதல் கோழிக்கூண்டின் கதவு வரைக்கும்.

ஆயா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், முழங்கால் வரை தண்ணீர். "கட்டுமரம் கட்டுறியாடா? ரொம்ப முறுக்காத. கொஞ்சம் ஆடணும் அது. ஆடலன்னா பிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார்.

அப்பா கொஞ்சம் தளர்த்திக் கட்டினார். அரிசி வந்தது.

ஆயா கடற்கரைக்காரர் கிடையாது. நாகப்பட்டினத்துக்கு மேற்கே வயல்காட்டுக் கிராமம். 1937இல் பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தார். கப்பலுக்காக நாகப்பட்டினத்தில் பல நாள் காத்திருந்தார்களாம். வேறு வேலை இல்லாததால் கடற்கரையில் போய் உட்கார்ந்து மீனவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "காலையில கட்டுவானுங்க, கடலுக்குப் போவானுங்க. வந்ததும் அவுத்துப் போட்டுருவானுங்க. மறுநா மறுபடி கட்டுவானுங்க" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் ராஜூலா வந்தது. எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையில் எந்த வீட்டில் கேட்டாலும் இந்தக் கப்பலின் பேரைச் சொல்வார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய நீராவிக் கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வர முடியாது, தூரத்தில் நங்கூரம் போடும். தோணியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். அந்தத் தோணியிலிருந்து ஆயா கடைசியாகப் பார்த்த ஊர்க்காட்சி, அலைக்கு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு கட்டுமரம்.

சொல்லுக்கு வருகிறேன். கட்டு, மரம், அவ்வளவுதான். மூன்றிலிருந்து ஏழு வரை லேசான மரங்களைச் செதுக்கி, நடுவிலுள்ளதை நீளமாக விட்டு, இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் கட்டுவது. ஆணி கிடையாது. உள்ளே உட்காரக் குழிவும் கிடையாது. அலை மேலே ஏறும், மர இடுக்குகள் வழியாகவே இறங்கிவிடும். இறைத்துக் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. படகு மூழ்குவதற்கு அதற்குள் தண்ணீர் நிரம்ப வேண்டும், இதற்கு உள் என்று ஒன்று இருந்தால்தானே நிரம்பும்! சோழமண்டலக் கரையில் அலை கரைக்கு வந்து மோதி உடையும் இடம் பொல்லாதது. ஆணி அடித்த பலகைப் படகு அங்கே உடைந்துபோகும். அந்த இடத்தைத் தாண்டுவதற்குப் பிறந்தது கட்டுமரம். கயிற்றுக் கட்டு கொஞ்சம் இளகும், ஒவ்வொரு மரமும் அலைக்குத் தனித்தனியாக விட்டுக்கொடுக்கும். ஆயா சொன்ன 'ஆடணும்' இதுதான்.

கரைக்கு வந்ததும் அவிழ்ப்பது எதற்கு? மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். பிரித்துப் போட்டால்தான் காயும். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மணலில் ஏறவும் வசதி. ஆக, கட்டுமரம் என்பது கடலில் இருக்கும்போது மட்டும் கட்டுமரம். கரையில் அது நாலைந்து மரம்.

ஐரோப்பியர் காதில் இது எப்போதோ விழுந்துவிட்டது. காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து வைர வியாபாரி 1583இல் நம் கிழக்குக் கரையில் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அடிப்பக்கத்துக்கு ஐந்து, நடுவில் இருப்பது மற்றதைவிட நீளம், பின்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் ஒன்றில் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அதற்கு அவர் எழுதிய பேர் 'கத்தமெரோனி'. ஒரு மீனவன் வாயிலிருந்து கேட்டதை இத்தாலிய நாக்கு உருட்டியிருக்கிறது. 90 வருடம் கழித்து, 1673இல், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜான் ஃபிரையர் கப்பலில் இருந்து இதைப் பார்த்தார். அவரும் கட்டிய மரங்கள் என்றே குறித்துக்கொண்டார். 1697இல் தன் பயணங்களை அச்சிட்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், ஒரே ஆள் ஏறும் சின்ன கட்டுமரத்தைப் பற்றிச் சொல்லும்போது, அந்த ஆளின் காலும் உட்காரும் இடமும் எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும் என்கிறார். எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார்! இந்த மூன்று பேரும் கட்டியதையும் பார்த்தார்கள், மரத்தையும் பார்த்தார்கள். சொல் அப்போது முழுதாக இருந்தது.

மெட்ராஸில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கரைக்கும் தூரத்தில் நிற்கும் கப்பலுக்கும் நடுவே கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொள்வார்கள். அலை அடித்துக் கீழே தள்ளினாலும் நீந்தி மறுபடி ஏறிக்கொள்வார்கள், கடிதம் நனையாது. எனக்கு இந்தத் தொப்பி மீது தனிப் பிரியம். உடம்பு முழுக்க நனைந்து, தலையில் மட்டும் அடுத்தவன் கடிதத்தை நனையாமல், கசங்காமல் கொண்டுபோன அந்த மனுஷன் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கடல் தாண்டிய பிறகு சொல் தன் இஷ்டத்துக்கு அலைந்திருக்கிறது. 1804 அக்டோபரில் பிரான்சின் புலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளை அழிக்க, அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளைப் பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்டது. அந்தப் பெட்டிகளுக்குப் பேர் கேட்டமரான். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டவும் இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். முதல் அசையில் பூனை கேட்டிருக்கிறது அவர்களுக்கு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டமரான் என்பது பனியில் இழுக்கும் சறுக்குவண்டி. குளிர்காலத்தில் நாயோ குதிரையோ பூட்டி, காட்டிலிருந்து விறகு ஏற்றி வருவார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயா விறகு கட்டிக் கொண்டுவருவார், சாய்ந்த ரப்பர் மரத்தின் கிளைகளை. உலகத்தின் அந்தக் கோடியில், பனிக்குள், யாரோ ஒருவர் நம் சொல்லின் மேல் மரத்தை அடுக்கிக் கயிற்றால் கட்டியிருக்கிறார். அது நாகப்பட்டினத்துச் சொல் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி இரண்டு உடல் உள்ள படகு. தம்பி மகள் பார்த்த படத்தில் இருந்தது இதுதான். இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாட்சப்பில் மாதம் ஒருமுறையாவது ஒரு செய்தி சுற்றி வரும்: இன்றைய கேட்டமரான் கப்பலைக் கண்டுபிடித்தவன் தமிழன், பேரே அதற்குச் சாட்சி என்று. அனுப்புகிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அது உண்மை கிடையாது. இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டத்தால் இணைத்து, அதில் பெருங்கடலைக் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்கள். ஐரோப்பாவிலும் வில்லியம் பெட்டி என்ற ஆங்கிலேய அறிஞர் 1662இல் டப்ளினில் இரட்டை உடல் கப்பல் ஒன்று கட்டிப் பார்த்தார். அதற்கும் நம் கரைக்கும் சம்பந்தம் இல்லை. 1876இல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் 'அமரிலிஸ்' என்று ஒரு இரட்டை உடல் பாய்மரப் படகைப் பந்தயத்தில் இறக்கினார். மற்ற எல்லாப் படகையும் தாண்டிப் போய்விட்டது. எதிர்ப்புக் கிளம்பி, இது எங்கள் வகையில் சேராது என்று வெற்றியைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த மாதிரிப் படகுகளுக்குத்தான் கேட்டமரான் என்ற பேர் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

ஆக, பேர் நம்முடையது, அந்தப் படகின் வடிவம் அடுத்தவருடையது. பாலினீசியர்களின் உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது தவறு. இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இரட்டை உடல் படகைப் பற்றிப் பெருமை பேசும்போது, நிஜமாகவே நம் ஆட்கள் செய்ததைப் பேச மறந்துவிடுகிறோம். உள்ளே இடமே இல்லாத, மூழ்கவே முடியாத, தினமும் அவிழ்த்துக் காயவைத்துத் தினமும் புதிதாகக் கட்டுகிற ஒரு மிதவை. அதைக் கட்டத் தெரிந்த கை. அதைப் பற்றி ஒரு வாட்சப் செய்தியும் எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஹெரஷாஃபின் படகில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர் இரண்டு உடலையும் அசையாமல் பிணைக்கவில்லை. பந்து மூட்டு வைத்து, ஒவ்வொன்றும் அலைக்குத் தக்கபடி தனியாக அசையும்படி செய்திருந்தார். நம் கட்டுமரத்தைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயா அதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆங்கிலக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் தையல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட், மரான் என்று பிரித்தார்கள். படகோட்டிகள் செல்லமாக வெறும் 'கேட்' என்றார்கள். 1940களில் விக்டர் செட்செட் என்பவர், உக்ரேனில் பிறந்து அமெரிக்காவில் படகு கட்டியவர், மூன்று உடல் உள்ள படகுக்கு 'டிரைமரான்' என்று பேர் வைத்தார். அதாவது மரான் என்றால் படகின் உடல் என்று ஆகிவிட்டது. மரம் எப்படியோ பிழைத்துக்கொண்டது. காணாமல் போனது கட்டு. தம்பி மகள் பலகைக்கு முன்னால் நின்று 'கட்டினதும் ஒண்ணும் காணோமே' என்றது சொல்லுக்கும் பொருந்தும்.

நாம் வாழும் இந்த நாட்டு மொழியிலும் நம் சொற்கள் இருக்கின்றன. மலாயில் கப்பல் காப்பால், கடை கெடாய், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி. இவை ஆங்கிலம் வழியாக வரவில்லை, நேராகக் கடல்வழி வந்தவை. கட்டுமரம் மட்டும் லண்டனைச் சுற்றிக்கொண்டு 'கத்தாமரான்' ஆகி வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டத்தில் வேலை மேற்பார்த்தவரைத் தண்டல் என்போம் இல்லையா? காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவாரே, அவர்தான். அதுவும் கடல் சொல்தான். கப்பலில் மாலுமிகளை மேய்க்கும் தலைவனுக்குத் தண்டல் என்று பேர். கடலோரத்துப் பல மொழிகளில் இந்தச் சொல் உண்டு. மரங்களுக்கு நடுவே நின்று அதட்டிய எங்கள் தண்டல், பேரளவில் ஒரு கப்பல்காரர்.

2012இல் நாகப்பட்டினம் போனேன், ஆயாவின் ஊரைப் பார்க்க. கடற்கரையில் நீலமும் பச்சையுமாக ஃபைபர் படகுகள், பின்னால் எஞ்சின். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே ஃபைபர் வரத் தொடங்கியிருந்தது, சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கொடுத்த படகுகளும் பெரும்பாலும் ஃபைபர்தான். கட்டுமரத்தைத் தேடி நடந்தேன். ஒரு இடத்தில் நாலு மரங்கள் மணலில் விலகி விலகிக் கிடந்தன. பக்கத்தில் கயிற்றுச் சுருள். முதலில் விறகு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். நாலடி போனதும்தான் ஆயா சொன்னது உறைத்தது. திரும்பி வந்து குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முனையிலும் கயிறு ஓடி ஓடி வழுவழுவென்று ஒரு பள்ளம். அதில் என் சுண்டுவிரல் அப்படியே உட்கார்ந்தது. கயிறு வியாபாரத்தில் இத்தனை வருடம் இருந்தும் மரத்தில் கயிறு இவ்வளவு ஆழமாக எழுதியதை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் அவளிடம் இதையெல்லாம் சொன்னேன், அவளுக்கு எட்டுகிற அளவுக்கு. நெப்போலியன் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடிதத் தொப்பி பிடித்தது. கொல்லையில் மரவள்ளி பிடுங்கிய குச்சிகள் கிடந்தன. பால்பி எழுதிய கணக்குப்படியே கட்டலாம் என்று ஏழு துண்டு வெட்டினோம், அடிக்கு ஐந்து, நடுவில் உள்ளது நீளம். கடையிலிருந்து நல்ல சணல் கொண்டுபோயிருந்தேன். அவள் சணல் வேண்டாம் என்று சைக்கிள் டியூப் கேட்டாள். தம்பி வெளியே போய் ஒரு பழைய டியூபைக் கண்டுபிடித்து வந்து வார் அறுத்துக் கொடுத்தான். முதல் கட்டு ரொம்ப இறுகிப்போய்க் குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள்.

துணி ஊறவைக்கும் பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து மிதக்கவிட்டோம். தம்பி மகனின் லெகோ பொம்மை ஒன்றைப் பின்பக்கக் குச்சியில் உட்கார வைத்தாள், தலையில் வாழைநாரைச் சுருட்டித் தொப்பி. கையால் அலை அடித்தாள், மறுபடியும் பலமாக அடித்தாள். தண்ணீர் குச்சிகளுக்கு மேலே ஏறி, இடுக்கு வழியாக இறங்கியது. பொம்மை விழவில்லை. அவள் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "பெரியப்பா, அவருக்குக் கால் நனைஞ்சிருச்சு" என்றாள்.